சுனைக்குள் பேசியவள்

நான் செஞ்சிக்கு வந்தது ஓர் ஆவணி மாதத்தில், இரண்டாம் தாரமாக. பிறந்த ஊர் தளவானூர். செவ்வாய் தோஷம் என்று வரன்கள் தட்டித் தட்டிப் போய், வயது முப்பதை நெருங்கியபோது வந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளை கரண்ட் ஆபீசில் லைன்மேன். முதல் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாள். மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் குழந்தை இருந்தாள்.

குழந்தை இருக்கிறாள் என்றதும் என் வீட்டில் எல்லோரும் தயங்கினார்கள். நான் தயங்கவில்லை. எங்கள் ஊர் பால்வாடியில் ஆறு வருடம் டீச்சராக இருந்தவள் நான். அழுதுகொண்டே வருகிற பிள்ளைகள்கூட என்னிடம் வந்தால் அடங்கிவிடும். குகைக் கோயில் வாசலில் கல்லாக நிற்கிற காவல்காரர்களை வைத்தே அவர்களுக்கு அத்தனை கதை சொல்லியிருக்கிறேன். ஒரு குழந்தையைப் பழக்கிக்கொள்வது எனக்குப் பெரிய காரியமா என்ற தைரியத்தில்தான் வந்தேன்.

அந்தத் தைரியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவள் முரண்டு பிடிக்கிற பெண் இல்லை. சொன்னதைச் செய்வாள், தலை பின்னக் கூப்பிட்டால் வந்து உட்காருவாள். ஆனால் நான் தட்டில் போட்ட சோற்றை உடனே தொட மாட்டாள். அவளுடைய நைனா ஒரு வாய் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் அவள் கை தட்டுக்குப் போகும். அவர் லைனுக்குப் போய்விட்டு நேரமாகி வருகிற நாட்களில், பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

பக்கத்து வீடு தையல்காரர் வீடு. தலைமுறை தலைமுறையாகச் செஞ்சியிலேயே இருக்கிற முஸ்லிம் குடும்பம். அவருக்குக் கடைவீதியில் சின்னக் கடை. வீட்டில் அவர் மனைவி ஒரு மிஷின் போட்டுக்கொண்டு ஜாக்கெட், பாவாடை தைப்பார். இறந்துபோனவளுக்கு அவர் உயிர்த்தோழி. குழந்தைக்கு அத்தை. நான் அக்கா என்று கூப்பிட்டேன். குழந்தை அங்கே போய்ச் சாப்பிடுகிறாளே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தாலும், எங்கேயோ சாப்பிடுகிறாள் என்பதே ஆறுதலாகவும் இருந்தது. அந்த அக்காவும் ஒரு நாள்கூட அதை என்னிடம் குத்தலாகச் சொன்னதில்லை.

தை மாதத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் கஞ்சித்தண்ணீர்தான். காய்ச்சல் விட்டதும் டாக்டர் பழம் கொடுக்கச் சொன்னார் என்று என் வீட்டுக்காரர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆப்பிள் வாங்கி வந்தார். செஞ்சியில் அப்போது ஆப்பிள் என்பது நோயாளிகள் சாப்பிடுகிற பழம். நல்ல சிவப்பு. நான் அதைக் கழுவித் துடைத்து, அரிவாள்மணையில் நறுக்கி, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பாய்க்குப் போனேன்.

அவள் என் கையையே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாக நகர்ந்தாள். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. பால்வாடியில் ஊசி போட வரும் நர்சைப் பார்த்துப் பயந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இது அந்தப் பயம் இல்லை. சாகப்போகிறோம் என்று நம்புகிற ஒரு குழந்தையின் பயம். நான் அந்தத் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்து, துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அவள் தூங்கும்போது தலையணைக்கடியில் ஒரு புத்தகம் இருந்ததைப் பார்த்தேன். மெல்லிசான தமிழ்ப் புத்தகம், வண்ணப் படம் போட்ட வெளிநாட்டுக் கதை. ஓரமெல்லாம் கிழிந்து கோந்து ஒட்டியிருந்தது. ராஜாவுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு பெண். அம்மா இல்லை. இரண்டாவதாக வந்த சித்தி, கண்ணாடியில் முகம் பார்த்து யார் அழகு என்று கேட்கிறாள். கண்ணாடி அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்கிறது. சித்தி அவளைக் காட்டுக்கு விரட்டுகிறாள். ஏழு குள்ளர்கள் அவளைக் காப்பாற்றுகிறார்கள். சித்தி மாறுவேடம் போட்டுக்கொண்டு போய் விஷம் தடவிய பழத்தைக் கொடுக்கிறாள். பழம் கொடுக்கிற பக்கத்தில் படம் பெரிதாக இருந்தது. அந்தப் பழம் நான் நறுக்கிய பழம்தான். அதே சிவப்பு.

அவர் வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. இந்தப் புத்தகத்தை அடுப்பில் போட்டிருக்க வேண்டும் என்றார். எங்கே வாங்கியது என்று கேட்டேன். அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டிக்கொண்டே சொன்னார். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனபோது கோயில் கடையில் அவள் அம்மா வாங்கிக் கொடுத்ததாம். படுக்கையில் விழுந்த பிறகும், கண்ணெல்லாம் மஞ்சளாகிப் போன பிறகும், குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அதைத்தான் படித்துக் காட்டுவாளாம்.

அதற்குமேல் அந்தப் புத்தகத்தை யார் தொட முடியும்? எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்தக் கதை அவளுக்குத் தன் அம்மாவின் குரலில் கேட்டது. கடைசியாகக் கேட்டது. அதில் பழம் கொடுக்க வருகிறவள் சித்தி. நான் எவ்வளவு நல்லவளாக இருந்து என்ன, அவள் அம்மா சொல்லிவிட்டுப் போன கதையில் நான் யார் என்பது எழுதி முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டு மூன்று நாள் அந்தக் கதையே மனசில் ஓடியது. அந்த ஏழு பேர்தான் என்னை யோசிக்க வைத்தார்கள். காட்டில் ஏழு பேர் சேர்ந்து இருக்கிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் அது யாராக இருக்க முடியும்? கன்னிமார்தான். ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் ஏழு கல் நட்டு மஞ்சள் பூசியிருப்பார்களே, அந்த ஏழு அக்கா தங்கைகள். செஞ்சி மலையில் அவர்கள் இல்லாத மூலை இல்லை. கண்ணாடி எதற்கு? கோட்டை இருக்கிற ராஜகிரி உச்சியில் கோடையிலும் வற்றாத சுனை இருக்கிறது, அதில் முகம் தெரியும். ஆப்பிள் எதற்கு? மலையைச் சுற்றிலும் சீத்தாப்பழம் காய்க்கிறது. கதை அப்படியே எழுந்து நடந்து எங்கள் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னால் கேட்க மாட்டாள் என்று தெரியும். அதனால் கதையைத் தையல்கார அக்காவிடம் சொன்னேன். மத்தியானத்தில் அவர் வீட்டுக்குப் போய் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தை அங்கேதான் வருவாள். மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துணி பொறுக்குவாள். அவள் இருப்பதையே கவனிக்காத மாதிரி, அக்காவிடம் இப்படி ஒரு கதை தெரியுமா என்று ஆரம்பித்தேன். அக்கா புரிந்துகொண்டார். மிஷினை மெதுவாக மிதித்துக்கொண்டு சொல்லு என்றார்.

முதல் தடவை நான் சொன்ன கதையில் சித்தி ராணி தங்கமானவள். அந்தப் பெண்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். பழத்தில் விஷம் வைத்தது மந்திரி. சித்தி ஒரு பாவமும் அறியாதவள். சொல்லச் சொல்ல எனக்கே வாய் இனித்தது. முடித்ததும், மிஷினுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. என்னிடம் இல்லை, அக்காவிடம்.

"அத்தை, இந்தக் கதையில ஒண்ணுமே நடக்கல."

அக்கா நூலைப் பல்லில் கடித்தபடி சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரி. அது கதை இல்லை, எனக்கு நானே எழுதிக்கொண்ட நற்சான்று. பால்வாடியில் நான் சொன்ன கதைகளில்கூடக் காவல்காரனுக்குக் கோபம் இருக்கும், தூக்கம் இருக்கும், பேராசை இருக்கும். அதனால்தான் பிள்ளைகள் அவனை நம்பினார்கள். என் சித்தி ராணியிடம் அப்படி எதுவும் இல்லை.

அடுத்த வாரம் திரும்ப ஆரம்பித்தேன். இந்தத் தடவை சித்தி ராணி தினமும் சுனைக்குப் போகிறாள். தண்ணீரைப் பார்த்துக் கேட்கிறாள், இந்தக் கோட்டைக்கு ராணி யார் என்று. சுனை தினமும் ஒரே பதிலைச் சொல்கிறது. முன்னால் இருந்தவள்தான் என்கிறது. இந்த இடத்தில் அக்கா குறுக்கிட்டு, தண்ணிக்குள்ள இருந்து பேசறது யாரு என்று கேட்டார். நான் அதை யோசிக்கவே இல்லை. தெரியாது என்றேன். அப்படியென்றால் அது ஜின்னாகத்தான் இருக்கும் என்றார் அக்கா. பாழுங்கிணறு, பழைய சுனை இதிலெல்லாம் ஜின் குடியிருக்கும் என்று அவர் அம்மா சொல்வாராம். எல்லா ஜின்னும் கெட்டது இல்லையாம். சிலது உண்மையை மட்டும் பேசுமாம், அதைத்தான் ஆட்களால் தாங்க முடியாதாம். நன்றாக இருந்தது. ஜின்னையும் சுனைக்குள் இறக்கினேன்.

கதை நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்தது. சுனை சொல்கிற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சித்தி ராணிக்கு அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அது அப்படியே பழைய ராணியின் முகம். குழந்தையை மலைக்கு அனுப்பிவிடுகிறாள். கன்னிமார் ஏழு பேரும் அவளைத் தங்கள் குகையில் வைத்துக்கொள்கிறார்கள்.

"எதுக்கு அனுப்பிட்டா? அந்தப் பொண்ணு இன்னா பண்ணா?"

இந்தத் தடவை கேள்வி என்னிடம் வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அவ ஒண்ணும் பண்ணல. சித்திக்கு அந்தப் பொண்ணப் பாத்தா பயம்."

மிஷின் நின்றது. அக்கா துணியைத் திருப்புவதற்காக நிறுத்தினாரா என்று எனக்குத் தெரியாது. குழந்தை நான் சொன்னதை நம்பாமல் பார்த்தாள். பெரியவர்களுக்கு எதற்குப் பயம் என்று கேட்டாள். புது வீடு, புது ஊர், யாரும் பேசுவதில்லை, எந்தப் பொருளைத் தொட்டாலும் அது இன்னொருத்தர் வைத்துவிட்டுப் போன பொருள், பயமாகத்தானே இருக்கும் என்றேன். கதையில் வருகிற ராணியைத்தான் சொன்னேன். வேறு யாரையும் சேர்த்துச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்ததா தெரியாது. வெட்டுத்துணியை மடியில் போட்டு ஒவ்வொன்றாக மடித்தாள். பிறகு, மேல சொல்லுங்க என்றாள்.

அன்றைக்கு அவளுடைய நைனா வர நேரமாகியது. நான் போட்ட சோற்றை அவள் அவருக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டாள். நான் அதைப் பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கதை அந்தப் பழத்தில் வந்து நின்றது. சித்தி ராணி கூடையில் சீத்தாப்பழம் எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறாள். ஏறுகிறாள், ஏறிக்கொண்டே இருக்கிறாள். அதற்கு மேல் எனக்குப் போகவில்லை. பழம் குடுக்கவா போறா, கொல்லவா போறா என்று குழந்தை தினமும் கேட்டாள். கொல்லப் போகிறாள் என்றால் பழைய புத்தகம்தான். குடுக்கப் போகிறாள் என்றால் அது மந்திரிக் கதை. எனக்கும் தெரியல என்று உண்மையைச் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய தாய்மாமன் வந்தார். அனந்தபுரத்தில் விவசாயம் பார்க்கிறவர். இறந்துபோனவளுக்கு ஒரே அண்ணன். காய்ச்சலுக்குப் பிறகு குழந்தை இளைத்துப் போயிருந்தாள், சோறு சாப்பிடுவதில்லையாம் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். வந்தவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குழந்தையின் மணிக்கட்டை விரலால் சுற்றிப் பார்த்தார். பரீட்சை முடிந்ததும் கூட்டிப்போகிறேன், ஜூனில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இவர் என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று தெரியாமல் நான் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டேன். பரீட்சை முடிந்த மறுநாள் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டோம். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.

வீடு ஓய்ந்துவிட்டது. இவள் தொல்லை விட்டது என்று நினைத்துக்கொள் என்று தளவானூரில் என் அம்மா சொன்னாள். அப்படி நினைத்துப் பார்க்கவும் செய்தேன். ஒரு நாளைக்கு மேல் முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, மலைமேல் அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகிற பெண்களோடு நானும் ராஜகிரி ஏறினேன். சுனையைக் கண்ணால் பார்த்தால் கதைக்கு முடிவு கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. உச்சிக்குப் போவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. சுனையில் குனிந்தால் வேர்த்துக் கறுத்த என் முகம்தான் தெரிந்தது. அதற்குள் ஒரு குரங்கு வந்து கையிலிருந்த தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தேன். முடிவு கிடைக்கவில்லை.

வைகாசியில் பூவாடைக்காரிக்குப் படையல். எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவளை அப்படித்தான் சொல்வார்கள். பூவும் பொட்டுமாகப் போனவள் அந்த வீட்டுக்குத் தெய்வமாகிவிடுகிறாள். வருஷத்துக்கு ஒரு நாள் அவளை நீர்நிலையிலிருந்து கலசத்தில் அழைத்து வந்து, புதுப் புடவை, மஞ்சள், வளையல், பூ வைத்து, அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். நான் வந்த பிறகு அதுதான் முதல் படையல். அனந்தபுரத்திலிருந்து மாமன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் திறக்கப் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது. படையல் முடிந்ததும் திரும்பக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. டிரங்குப் பெட்டி அவளோடு வந்திருந்தது. அதில்தான் மாற்றுத்துணி.

விடிகாலையில் எல்லோரும் குளத்தங்கரைக்குப் போனோம். என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, முன்னால் நின்று எல்லாம் செய்தார். குடத்தைத் தேய்த்து, நூல் சுற்றி, தண்ணீர் மொண்டு, மாவிலையும் தேங்காயும் வைத்து, பூச்சரம் சுற்றினார். வாம்மா, வீட்டுக்கு வந்து எங்களைக் காப்பாத்து என்று அழைத்தார். அவர் குரல் உடைந்தது. மாமன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம் ஒரு தயக்கம் வந்தது. கலசத்தை அந்த வீட்டுப் பெண் தலையில் வைத்துக்கொண்டு வர வேண்டும். அந்த வீட்டுப் பெண் நான்தான். ஆனால் இறந்தவளின் இடத்துக்கு வந்தவளே அவளைச் சுமந்து வரலாமா, அவள் மனசு ஏற்குமா என்று பெண்களுக்குள் பேச்சு எழுந்தது. நாத்தனாருக்கும் முடிவெடுக்கத் தெரியவில்லை. நான் ஒதுங்கி நின்றேன். அப்போது குழந்தை மாமன் கையை விட்டுவிட்டு வந்தாள்.

"சித்தியே எடுத்துட்டு வரட்டும். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அதுவரை அவள் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு ஒரு நிமிஷம் அது யாரைப் பற்றிய பேச்சு என்றே புரியவில்லை. நாத்தனார் குழந்தையின் வாயில் சாமியே பேசிவிட்டது என்று கலசத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார்.

கலசம் சுமப்பவள் வீடு சேரும்வரை வாய் திறக்கக் கூடாது. இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு, கண் நேராகப் பார்த்தபடி நடந்தேன். குழந்தை என் பக்கத்திலேயே வந்தாள். நான் பதில் பேச முடியாது என்று தெரிந்ததாலோ என்னவோ, வழியெல்லாம் பேசினாள். அனந்தபுரத்தில் மாமன் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னாளாம். அவர்களும் பழம் எதுக்கு என்று கேட்டார்களாம். அவள் ரொம்ப யோசித்தாளாம்.

"அத்தை சொன்னது தப்பு. சுனைக்குள்ள இருக்கறது ஜின் இல்ல. எங்க அம்மா. அதான் முன்ன இருந்தவதான் ராணின்னு சொல்லுது. சித்தி பழத்தை அந்தப் பொண்ணுக்கு எடுத்துட்டுப் போவல. தண்ணிக்குள்ள இருக்கறவங்களுக்குப் படைக்கத்தான் எடுத்துட்டுப் போறா. படைச்சிட்டு அப்புறமா எல்லாரும் சாப்பிடலாம்."

என் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. குடத்திலிருந்து சிந்திய தண்ணீர் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். கன்னிமார் என்ன செய்கிறார்கள் என்று அடுத்ததாகச் சொன்னாள். படையலுக்கு விறகு பொறுக்குகிறார்களாம், ஏழு பேரில் கடைசித் தங்கைக்கு மட்டும் வேலை செய்ய மனசில்லையாம். நான் எத்தனை மாதம் முட்டிக்கொண்டு நின்ற இடத்தை அவள் சாதாரணமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் அம்மா சொன்ன கதையையும் விட்டுக்கொடுக்கவில்லை, என்னையும் தள்ளவில்லை. இரண்டு பேரும் நிற்க இடம் செய்துவிட்டாள்.

வீட்டில் படையல் போட்டோம். வடை, அதிரசம், கருவாட்டுக் குழம்பு, பலாச்சுளை. தையல்கார அக்கா முதல் நாளே வந்து, இறந்தவளின் அளவுக்குத் தைத்த ஜாக்கெட்டை வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். படையல் முடிந்ததும் அந்தப் புதுப் புடவையை வீட்டுப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை நாத்தனார் தயங்காமல் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. கட்டிக்கொண்டு வந்தபோது மாமன் என்னை நிமிர்ந்து பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

சாப்பாடெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மாமன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். குழந்தை உள்ளே என்னோடு அதிரசத்தைத் தூக்குவாளியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் இருப்பதைப் பார்த்தும், அவர் கேட்க வந்ததைக் கேட்டார்.

"நாளைக்கு உங்களுக்குன்னு ஒண்ணு பொறந்தா, இவ இன்னா ஆவா?"

கோபமாகக் கேட்கவில்லை. தங்கையைப் பறிகொடுத்த மனுஷன், அவள் விட்டுப்போன ஒரே உயிரை யாரிடம் விடுவது என்று தெரியாமல் கேட்டார். சொந்தப் பெண்ணாகப் பார்த்துக்கொள்வேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அது மந்திரிக் கதை மாதிரியே இருந்தது.

"எனக்குத் தெரியலண்ணா. இப்பவே சத்தியம் பண்ணா அது பொய்யாப் பூடும். ஆனா இவ இல்லாம இந்த ஒரு மாசம் எனக்கு இந்த வீட்டுல இருக்க முடியல."

குழந்தையைக் கேட்கலாம் என்று வாயெடுத்தவர், அவள் அதிரசத்தை எண்ணெய் ஒழுகாமல் காகிதத்தில் வைத்து வைத்து அடுக்குவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நேரமாயிட்டுது, பஸ் பூடும் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். டிரங்குப் பெட்டி கூடத்தில் வைத்த இடத்திலேயே இருந்தது. மறந்துவிட்டாரோ என்று என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். இருக்கட்டும், அடுத்த லீவுல வந்து கூட்டிட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அதன் பிறகு எல்லாம் சுமுகமாகப் போயிற்று என்று சொன்னால் அதுவும் சரியாக இருக்காது. சண்டை போட்டோம். அவள் பதிமூன்று வயதில் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாள். நானும் விறைப்பாக இருந்தேன். ஆனால் தையல் மிஷின் பக்கத்தில் கதை நிற்கவில்லை. வெளிநாட்டுக் கதைகள் ஒவ்வொன்றையும் மூன்று பேரும் பிரித்துப் போட்டுத் தைத்தோம். தவளையாக மாறிய ராஜகுமாரன் எங்களிடம் தேறவில்லை, தவளையை யாரும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று இரண்டு பேரும் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். காட்டில் பலகார வீடு கட்டிப் பிள்ளைகளைப் பிடிக்கிற கிழவியை மேல்மலையனூர் மயானத்துக்குக் கொண்டுபோனோம். மயானக் கொள்ளைத் திருவிழாவில் மண்ணில் செய்து படுக்கவைத்த பெரிய உருவத்தைப் பார்த்து மிரண்டு வந்த குழந்தை, அந்தக் கிழவியை அங்காளம்மன் மிதித்து அடக்கி, அமாவாசைக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கொழுக்கட்டை சுடுகிற வேலையில் வைத்துவிட்டாள் என்று தானே முடித்து வைத்தாள். பின்னாளில் நான் பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகங்களில் பாதி அந்த மிஷின் சத்தத்தில் உண்டானவைதான். சுனைக் கதையை மட்டும் அவளைக் கேட்டு, அவள் சரி என்ற பிறகு எழுதினேன்.

மாமன் கேட்ட கேள்விக்கும் காலம் பதில் சொல்லிற்று. மூன்று வருடம் கழித்து எனக்கு ஒரு பையன் பிறந்தான். தொட்டிலை ஆட்டியதும், நடை பழக்கியதும், முதல் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் அவள்தான். நாள் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை வேறு எப்படிப் பேசும்? என் வயிற்றில் பிறந்தவனும் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் சந்தேகப்பட்டு, இவன் அம்மா எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற அவள், அவங்க எங்க ரெண்டு பேருக்கும் சித்திதான் சார், எழுதிக்குங்க என்றாள்.